பழுப்புக் கல்லுக்குள் ஒளிந்திருந்த போரான்

கல்லும் காலமும் – 14

1920களில் லண்டன் நகை வியாபாரிகளின் தூக்கத்தைக் கெடுத்தது முத்து. ஜப்பானிலிருந்து வளர்ப்பு முத்துகள் வந்து இறங்கத் தொடங்கியிருந்தன. கடலில் மூழ்கி எடுத்த முத்தையும் பண்ணையில் வளர்த்த முத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. பெருவிலை கொடுத்து வாங்கிய சரம் நாளைக்குச் செல்லாக்காசாகிவிடுமோ என்ற பயம் ஹாட்டன் கார்டன் தெரு முழுக்கப் பரவியது. அந்தப் பயத்தில் பிறந்ததுதான் 1925இல் லண்டன் வணிகச் சபை அங்கே தொடங்கிய ரத்தினப் பரிசோதனைக்கூடம். அதன் பொறுப்புக்கு வந்த இளைஞர் பேசில் ஆண்டர்சன். மூன்று ஆண்டு கழித்து அவருக்குத் துணையாக சி. ஜே. பெயின் வந்து சேர்ந்தார்.

முத்துக்காகத் திறந்த கூடத்துக்குள் நாளடைவில் எல்லாக் கற்களும் வர ஆரம்பித்தன. மாணிக்கம் அசலா, நீலம் இயற்கையா, மரகதம் கண்ணாடியா என்று கேட்டு வியாபாரிகள் பொட்டலம் பொட்டலமாகக் கொண்டுவந்தார்கள். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிக் கல்லைத் திருப்பித் தந்தாலே கூலிக்கு வேலை முடிந்துவிடும். ஆனால் இந்த இருவரும் அதோடு நிறுத்தவில்லை. கைக்கு வந்த கற்களை எடைபோட்டு, ஒளிவிலகலை அளந்து, நிறமாலைக்காட்டி வழியாகப் பார்த்து, தெரிந்த கருங்கோடுகளைக் குறித்துவைத்தார்கள். ரத்தினவியலில் நிறமாலைக்காட்டிக்கு இன்றுள்ள மதிப்பு பெரும்பாலும் இவர்கள் தேடித்தந்ததே.

அந்தப் பழக்கத்தின் முதல் அறுவடையைச் சென்ற இதழில் பார்த்தோம். 1945இல் டப்ளினில் டாஃப் பிரபு ஸ்பினல் குவியலிலிருந்து பொறுக்கியெடுத்த இளஊதாக் கல், இவர்கள் மேசைக்கு வந்த பிறகே டாஃபைட் என்ற புதுக் கனிமமாயிற்று. அதில் பெரில்லியம் இருந்தது. இரண்டாவது அறுவடையில் அகப்பட்டது போரான். இம்முறை கல் டப்ளினில் அகப்பட்ட ஒற்றைத் துண்டு அல்ல. காலங்காலமாக எல்லாருடைய கையிலும் புழங்கி, எல்லாராலும் தவறான பெயரில் அழைக்கப்பட்டுவந்த கல்.

இலங்கையின் இரத்தினபுரியிலிருந்து லண்டனுக்கு வந்த கற்களுக்கிடையே பழுப்பு நிறத்தில் ஒரு வகை எப்போதும் இருந்தது. வெளிர் மஞ்சள்பழுப்பு முதல் பச்சை கலந்த கரும்பழுப்பு வரை பல சாயல்கள். சிலர் அதைச் சிர்கான் என்றார்கள், சிலர் கிரிசோபெரில் என்றார்கள். விவரம் தெரிந்தவர்கள் பழுப்புப் பெரிடாட் என்றார்கள். பெரிடாட் என்பது ஆலிவின் கனிமத்தின் நகைத்தரக் கல். வழக்கமாக எண்ணெய்ப்பச்சையாக இருக்கும். அதிலுள்ள இரும்பு கூடினால் நிறம் கருமை தட்டும், எடை கூடும், ஒளிவிலகலும் ஏறும். பழுப்புக் கல்லை அளந்தபோது எல்லாமே அந்தத் திசையில்தான் இருந்தன. பச்சைப் பெரிடாட்டின் ஒப்படர்த்தி 3.34, இதற்கு 3.48. விலகல் எண்களும் சற்றே அதிகம். ஆகவே இரும்பு மிகுந்த பெரிடாட் என்று எழுதிவைத்துவிட்டால் கணக்கு நேராகிவிடும். அப்படித்தான் எழுதியும் வைத்தார்கள்.

கணக்கில் இடித்தவை இரண்டு.

ஒன்று, நிறமாலை. பெரிடாட்டின் வழியாக வெள்ளொளியைச் செலுத்திப் பிரித்தால் நீலப் பகுதியில் மூன்று பட்டைகள் இருட்டாகத் தெரியும். ஏறக்குறைய 493, 473, 453 நானோமீட்டர். இரும்பின் கையெழுத்து அது. பழுப்புக் கல்லிலும் அதே கையெழுத்துத்தான், ஆனால் இடையில் 463இல் நான்காவதாக ஒரு பட்டை. இரும்பு கூடியிருந்தால் இருக்கிற பட்டைகள் தடிக்கலாம். புதிதாக ஒன்று நடுவில் முளைக்க வேண்டியதில்லை.

இரண்டாவது இன்னும் நுணுக்கமானது. இந்த வகைப் படிகங்கள் ஒளியை இரண்டாகப் பிரிக்கும். அவற்றுக்கு மூன்று விலகல் எண்கள் உண்டு. பெரிடாட்டில் அவை 1.654, 1.672, 1.690. நடு எண் கிட்டத்தட்ட மையத்தில் நிற்கிறது. பழுப்புக் கல்லில் 1.668, 1.698, 1.707. நடு எண் மேல் எண்ணோடு போய் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவசரத்தில் மேல் எண்ணையும் கீழ் எண்ணையும் மட்டும் குறித்துக்கொள்கிறவருக்கு இது கண்ணில் படாது. கல்லை ஒளிவிலகல்மானியின் மேல் மெல்லச் சுழற்றி, நிழற்கோடு எங்கே நகர்கிறது என்று பொறுமையாகப் பார்க்கிறவருக்கு மட்டும் தெரியும்.

ஹாட்டன் கார்டனில் முழு வேதியியல் பகுப்பாய்வுக்கான வசதி கிடையாது. அதற்கு சவுத் கென்சிங்டனில் இருந்த பிரிட்டிஷ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குத்தான் போகவேண்டும். அங்கே கனிமவியல் துறையில் ஃபிராங்க் கிளாரிங்புல் எக்ஸ் கதிர் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னாளில் அந்த அருங்காட்சியகத்தின் இயக்குநராகவே ஆனவர். அவருக்குப் பக்கத்தில் மாக்ஸ் ஹே. மிகச்சிறு துணுக்கை வைத்துக்கொண்டே வேதியியல் பகுப்பாய்வைச் செய்துமுடிக்கும் கைதேர்ந்தவர். உலகத்துக் கனிமங்களையெல்லாம் வேதியியல் வரிசையில் அடுக்கி ஒரு பெரிய அட்டவணை நூலை அவர் 1950இல் வெளியிட்டிருந்தார். புதிய கனிமம் என்று யாராவது சொன்னால், அது பழையதுதானா என்று சரிபார்க்க அவரைவிடத் தகுந்தவர் அன்று இல்லை.

முடிவு 1952இல் வந்தது. எக்ஸ் கதிர்ப் படம் ஆலிவினைப் போலவே இருந்தது, ஆனால் ஆலிவின் அல்ல. ஆலிவினில் ஐந்தில் இரண்டு பங்கு சிலிக்கா இருக்க வேண்டும். இந்தக் கல்லின் இலக்கணத்திலோ சிலிக்காவுக்கு இடமே இல்லை. மக்னீசியம் ஆக்சைடு ஏறத்தாழ 32 விழுக்காடு, அலுமினியம் ஆக்சைடு 40, மீதி 28 விழுக்காடு போரான் ஆக்சைடு. மக்னீசியத்தின் இடத்தில் சிறிதளவு இரும்பு புகுந்திருந்தது. பழுப்பு நிறம் அதன் வேலை. சிலிக்கேட் என்று நம்பியிருந்த கல் ஒரு போரேட். இலங்கையின் பழைய சமஸ்கிருதப் பெயரை ஒட்டிச் சின்ஹலைட் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள்.

செய்தி பரவியதும் சேகரிப்பாளர்களும் அருங்காட்சியகங்களும் தங்கள் இழுப்பறைகளைத் திறந்து பார்த்தார்கள். பழுப்புப் பெரிடாட் என்று சீட்டு ஒட்டிய கற்களை அளந்தால், கல்லுக்குக் கல் சின்ஹலைட். உண்மையான பழுப்புப் பெரிடாட்தான் அரிதாகிப்போயிற்று. எடுத்த எடுப்பிலேயே நகைத்தரத்தில், பட்டை தீட்டப்பட்ட நிலையில், சில சமயம் பெரும் அளவில் கிடைத்த புதுக் கனிமம் வரலாற்றில் அதிகம் இல்லை. வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் உள்ள இலங்கைச் சின்ஹலைட் ஒன்று ஏறக்குறைய 110 காரட், அதாவது 22 கிராம். இவ்வளவு பெரிய கல்லும் தவறான பெயரிலேயே புழங்க முடிந்திருக்கிறது என்பதுதான் வேடிக்கை.

இந்த ஏமாற்றத்துக்குப் பின்னால் இருந்த போரானைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். தமிழருக்கு அது புதிதல்ல. பொற்கொல்லர் பற்றுவைக்கும்போது இணைப்பின் மேல் இடும் வெங்காரம் போரான் உப்புத்தான். சித்த மருந்துக் கடைகளிலும் அதே வெங்காரம் உண்டு. கேரம் பலகையில் தூவும் மாவு போரிக் அமிலம். பழங்காலத்தில் வெங்காரம் திபெத், லடாக் பக்கத்து உப்பு ஏரிகளிலிருந்தும் வெந்நீர் ஊற்றுகளிலிருந்தும் கழுதை, ஆட்டு முதுகுகளில் இறங்கி வந்தது. இன்று உலகத்துப் போரான் இருப்பில் பெரும்பகுதி துருக்கியிலும், அடுத்து கலிபோர்னியாவின் பாலைநிலத்திலும் இருக்கிறது. இவையெல்லாம் வற்றிய ஏரிகளில் படிந்தவை. வெள்ளையானவை, மென்மையானவை. வெங்காரம் போன்றவை நீரிலேயே கரைந்துவிடும். போரேட் என்றதும் கனிமவியலாளருக்கு நினைவுக்கு வருவது இந்த முகம்தான்.

சின்ஹலைட்டோ கடினத்தன்மை 6.5 முதல் 7 வரை உள்ள கல். ஆற்றுச் சரளையில் உருண்டாலும் தாக்குப்பிடிக்கும். தண்ணீர் அதை ஒன்றும் செய்யாது. அதன் தோற்றத்தில் போரானைச் சந்தேகிக்க ஒரு துப்பும் கிடையாது. போதாததற்கு, போரான் மிக இலேசான தனிமம், அணு எண் 5. கனத்த தனிமங்களை எளிதில் காட்டிக்கொடுக்கும் எக்ஸ் கதிர் ஒளிர்வுச் சோதனையில் அது பிடிபடுவதில்லை. பழைய பாணி வேதியியல் பகுப்பாய்விலும், இருக்கிறதா என்று தனியே தேடினால்தான் கிடைக்கும். தேடாதவருக்கு மொத்தக் கூட்டலில் சிறு குறையாகவோ வேறொன்றின் கணக்கிலோ மறைந்துவிடும். இந்த அத்தியாயத்தில் வரும் கற்கள் அரியவையாக இருந்ததில் பாதிப் பழி பூமியைச் சேரும். மீதிப் பாதி, போரான் இருக்கக்கூடும் என்று யாரும் நினைத்துப் பார்க்காததைச் சேரும்.

சிலிக்கனுக்குப் பதில் போரான் எப்படி உட்கார்ந்தது? விடை ஒரு சின்னக் கூட்டலில் இருக்கிறது. ஆலிவினின் அடிப்படை அலகில் இரண்டு மக்னீசியம், ஒரு சிலிக்கன், நான்கு ஆக்சிஜன். ஆக்சிஜன்களின் மின்னூட்டம் எட்டு எதிர். அதைச் சமன்செய்ய இரண்டு, இரண்டு, நான்கு என எட்டு நேர் வேண்டும். சிலிக்கனை எடுத்துவிட்டுப் போரானை வைத்தால் ஒன்று குறையும். அந்தக் குறையை ஈடுகட்ட ஒரு மக்னீசியத்தை எடுத்துவிட்டு அலுமினியத்தை வைத்தால் போதும். இரண்டு, மூன்று, மூன்று, மீண்டும் எட்டு. ஆக்சிஜன்களின் அடுக்கு மாறவே வேண்டாம். இதே அடுக்கில் நடுவில் பெரில்லியத்தையும், சுற்றி இரண்டு அலுமினியத்தையும் வைத்தால் இரண்டு, மூன்று, மூன்று என்று கணக்கு மறுபடி நேராகிறது. கிடைப்பது கிரிசோபெரில், அதன் பூனைக்கண் வகையே நம் நவரத்தினத்து வைடூரியம். பெரிடாட், வைடூரியம், சின்ஹலைட் மூன்றும் ஒரே மனைக்கணக்கில் வெவ்வேறு செங்கல்லால் எழுப்பிய வீடுகள். ஆலிவின், கிரிசோபெரில் இரண்டின் கட்டமைப்பையும் லாரன்ஸ் பிராகும் ஜி. பி. பிரௌனும் 1926இலேயே அவிழ்த்திருந்தார்கள். எனவே மூன்றாவது வீட்டுக்கான இடம் காகிதத்தில் கால் நூற்றாண்டாகக் காலியாகவே இருந்தது என்று சொல்லலாம். அதில் குடியிருந்த கல் அத்தனை காலமும் நகைக்கடையில் இருந்தது.

போரான் அணு சிலிக்கனைவிடச் சிறியது. ஆகவே ஆக்சிஜன்கள் அதைச் சுற்றி இன்னும் நெருங்கி நிற்கின்றன. இலேசான தனிமங்களால் ஆன கல் இவ்வளவு கனப்பதற்கு இந்த நெருக்கமே காரணம். சோதனைக்கூடத்தில் இதை எளிதாகக் கண்டுபிடிக்கலாம். 3.32 அடர்த்தியுள்ள மெத்திலீன் அயோடைடு திரவத்தில் போட்டால் பெரிடாட் தயங்கித் தயங்கி இறங்கும். சின்ஹலைட் விறுவிறுவென்று அடிக்குப் போகும்.

இனி கல் கிடைக்கும் இடம்.

இரத்தினபுரி வயல்களில் மாணிக்கக் குழி வெட்டுகிறவர்கள் தேடுவது 'இல்லம்' என்னும் சரளைப் படுகையை. மேல் மண்ணையும் களியையும் தாண்டி, மரச்சட்டம் கட்டி இறங்கி, தண்ணீரை இறைத்துக்கொண்டே அந்தச் சரளையை எட்டவேண்டும். கூடையில் அள்ளி, நீரில் சுழற்றி அலசினால் கனத்த கற்கள் அடியில் தங்கும். நீலம், மாணிக்கம், ஸ்பினல், சிர்கான், கோமேதகம், கிரிசோபெரில், இடையிடையே சின்ஹலைட். இந்தச் சரளைப் படுகைகள் வேறு சிலவற்றையும் காட்டிக்கொடுத்திருக்கின்றன. இன்று தீவில் இல்லாத நீர்யானை, காண்டாமிருகம், சிங்கம் ஆகியவற்றின் எலும்புகளையும் பற்களையும் இலங்கைத் தொல்லுயிரியலாளர் தெரணியகல இந்தப் படுகைகளிலிருந்துதான் திரட்டி விவரித்தார். குருவிட்டவில் கிடைத்த பற்களை வைத்து இலங்கைச் சிங்கத்தைத் தனி வகையாக அவர் பெயரிட்டது 1939இல்.

ஆனால் சரளை பிறந்த வீடு அல்ல, வந்து சேர்ந்த இடம். கல் எந்தப் பாறையில் உருவாயிற்று என்பதைச் சின்ஹலைட்டின் உருண்டு தேய்ந்த துண்டுகள் சொல்வதில்லை. தாய்ப்பாறைக்கான முதல் துப்பு அரை நூற்றாண்டுக்கு முன்பே, வேறொரு கல்லின் பெயரில், கண்டி மாவட்டத்தில் கிடைத்திருந்தது. கண்டுபிடித்தவர் கலை வரலாற்றில் நாம் அறிந்த ஆனந்த குமாரசுவாமி.

கொழும்புத் தமிழரான சர் முத்து குமாரசுவாமியின் மகன். தாய் ஆங்கிலேயர். 1877இல் கொழும்பில் பிறந்து, தந்தையை இளவயதில் இழந்து, இங்கிலாந்தில் வளர்ந்து, லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் நிலவியலும் தாவரவியலும் படித்தவர். சிவ நடனத்தைப் பற்றி உலகம் வாசித்த கட்டுரைகளை எழுதுவதற்குப் பல ஆண்டுகள் முன்பு, அவர் கையில் சுத்தியலும் திசைகாட்டியும் இருந்தன. 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிம ஆய்வுத் துறையின் முதல் இயக்குநர். அப்படி ஊரூராகச் சுற்றிய காலத்தில்தான் கைவினைஞர்களோடு பழகினார் என்பதும், சிங்களக் கைவினை பற்றிய பெருநூல் அதிலிருந்து முளைத்தது என்பதும் தனிக்கதை. நமக்கு வேண்டியது கங்காப்பிட்டி. அம்பக்கோட்டைக்கு அருகே உள்ள அந்த ஊரில் சுண்ணாம்புக்கல்லும் கிரானைட் வகைப் பாறையும் ஒட்டும் விளிம்பில், நீலமான ஒரு கனிமம் துணுக்குகளாகக் கிடந்ததை அவர் கண்டார். மாதிரியை பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஜார்ஜ் பிரையருக்குக் கொண்டுபோனார். பகுப்பாய்வில் போரான் தெரிந்தது. இருவரும் சேர்ந்து அதை செரெண்டிபைட் என்ற பெயரில் அறிவித்தார்கள். செரெண்டிப் என்பது அரபு வணிகர்கள் இலங்கைக்கு வைத்திருந்த பெயர்.

செரெண்டிபைட்டில் சிலிக்கனும் உண்டு. ஆகவே அது தூய போரேட் அல்ல, போரோசிலிக்கேட். ஆனால் அது கிடந்த இடம் முக்கியமானது. அங்கே என்ன நடந்தது என்று பார்த்தால் சின்ஹலைட் ஏன் அரிது என்பதும் விளங்கிவிடும்.

ஆழத்தில் உருகிய கிரானைட் குளிர்ந்து இறுகும் கடைசிக் கட்டத்தில் போரான் நிறைந்த சூடான நீர்மம் வெளியேறும். சாதாரணப் பாறைகளில் அந்தப் போரானுக்குக் காத்திருப்பது டூர்மலின். சிலிக்காவும் அலுமினியமும் தாராளமாக இருக்கும் இடத்தில் போரான் அதில் போய் அடங்கிவிடும். அதனால்தான் டூர்மலின் உலகெங்கும் கொட்டிக் கிடக்கிறது. சின்ஹலைட் வேண்டுமானால் சிலிக்காப் பஞ்சம் வேண்டும். மக்னீசியம் மிகுந்த சலவைக்கல்லோடு கிரானைட் நீர்மம் மோதும் மெல்லிய விளிம்பில்தான் அந்தப் பஞ்சம் ஏற்படும். சலவைக்கல் மக்னீசியம் தரும், அதிலுள்ள களிமண் எச்சம் அலுமினியம் தரும், கிரானைட் போரான் தரும், ஆனால் சிலிக்கா போதாது. கூடவே உயர் வெப்பமும் அழுத்தமும். இத்தனையும் ஒரே இடத்தில் கூடிவருவது அபூர்வம். ஏறத்தாழ 60 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆழத்தில் வெந்து உருமாறிய இலங்கையின் மலைநாட்டுப் பாறைகளில் அது கூடிவந்தது.

இந்த ஊகம் சரிதானா என்று சொல்லும் சாட்சி அமெரிக்காவிலிருந்து வந்தது. நியூயார்க் மாநிலத்து வாரன் கவுண்டியில், ஜான்ஸ்பர்க் அருகே, சுண்ணாம்புக்கல்லுக்கும் கிரானைட்டுக்கும் நடுவில் செரெண்டிபைட் இருப்பதை எஸ்பர் லார்சனும் வால்டமர் ஷாலரும் 1932இல் எழுதியிருந்தார்கள். ஷாலர் போரான் கனிமங்களிலேயே வாழ்நாளைக் கழித்தவர். கலிபோர்னியாவின் கெர்னைட்டை விவரித்தவரும் அவரே. சின்ஹலைட் அறிவிக்கப்பட்ட மூன்றே ஆண்டில், 1955இல், அதே ஜான்ஸ்பர்க் பாறையில் சின்ஹலைட்டும் இருப்பதை ஷாலரும் ஹில்டெபிராண்டும் காட்டினார்கள். சரளையில் உருண்ட கல்லாக அல்ல, பிறந்த பாறைக்குள்ளேயே, செரெண்டிபைட்டின் அருகில். நகைக்கு உதவாத துணுக்குகள்தான், ஆனால் பிறப்பிடம் நிச்சயமாயிற்று. பிறகு தான்சானியா, மடகாஸ்கர், பர்மா என்று பட்டியல் நீண்டது. எங்கேயும் அதே சலவைக்கல் விளிம்புக் கதை.

பர்மா என்றதும் பேச்சு மோகோக்குக்குத் திரும்பியாக வேண்டும். மாண்டலேயிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர் தள்ளியுள்ள மாணிக்கப் பள்ளத்தாக்கு அது. சின்ஹலைட் அறிவிக்கப்பட்ட இரண்டாம் ஆண்டு, 1954இல், ஆர்தர் பெயின் என்ற பிரிட்டிஷ் ரத்தினச் சேகரிப்பாளர் அருங்காட்சியகத்துக்கு ஒரு படிகத்தைக் கொடுத்தார். மோகோக் அருகே ஓன்கைங் ஊரில் கிடைத்தது. அறுகோண வடிவம், ஆழ்ந்த சிவப்பு, எடை 1.7 கிராம். மீண்டும் கிளாரிங்புல், ஹே. இம்முறை ஹாட்டன் கார்டனின் பெயினும் ஆய்வில் கூட்டுச் சேர்ந்தார். கல்லைக் கொடுத்த பெயின் வேறு, ஆராய்ந்த பெயின் வேறு. 1957இல் மூவரும் கட்டுரை எழுதினார்கள். கல்லுக்குக் கொடுத்தவரின் பெயரையே வைத்து பெயினைட் என்றார்கள்.

எடையை வைத்து இதை மாணிக்கத்திலிருந்து பிரிக்க முடியாது. மாணிக்கத்தின் ஒப்படர்த்தி 4.00, பெயினைட்டுக்கு 4.01. விலகல் எண்தான் பிரித்துக்காட்டும். மாணிக்கத்துக்கு 1.76 முதல் 1.77, பெயினைட்டுக்கு 1.79 முதல் 1.82. கடினத்தன்மை மாணிக்கத்தைவிட ஒரு படி குறைந்து எட்டு. படிகத்தை நெட்டச்சு வழியாகப் பார்த்தால் மாணிக்கச் சிவப்பு, குறுக்கே திருப்பினால் பழுப்பு கலந்த ஆரஞ்சு. நிறம் தருபவை சிறிதளவு குரோமியமும் வனேடியமும். குற்றலை புறஊதா ஒளியில் பளிச்சென்று சிவந்து ஒளிரும்.

வேதியியல்தான் தொல்லை கொடுத்தது. இருப்பது ஒரே ஒரு படிகம். அதை இடித்துத் தூளாக்க எந்த அருங்காட்சியகத்துக்கும் மனம் வராது. கிடைத்த துளித் தூளை வைத்துக் கால்சியம், அலுமினியம், போரான், சிலிக்கன் என்று ஒரு வாய்பாடு எழுதினார்கள். சந்தேகப்பட்டுத் தேடியதால் போரான் இம்முறை தப்பவில்லை. தப்பியது வேறொன்று. 1976இல் சிகாகோவின் பால் மூரும் தகாஹாரு அராக்கியும் அணுக்களின் இருப்பிடத்தையே எக்ஸ் கதிரால் வரைந்து பார்த்தபோது, வாய்பாட்டில் இருந்த சிலிக்கன் கல்லில் இல்லை. வாய்பாட்டில் இல்லாத சிர்கோனியம் கல்லில் இருந்தது. ஒரு கால்சியம், ஒரு சிர்கோனியம், ஒரு போரான், ஒன்பது அலுமினியம், பதினெட்டு ஆக்சிஜன். சிர்கோனியமும் போரானும் ஒரே கனிமத்தில் கைகோப்பது இயற்கையில் மிகமிக அரிது. அப்படி ஒரு சேர்க்கையை ஹே எதிர்பார்க்கவில்லை என்றால் அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு குன்றிமணி அளவு தூள்கூட இல்லாமல் அவர் அவ்வளவு தூரம் போனதே பெரிது.

போரானின் அமர்வும் இந்த இரு கற்களில் வேறு வேறு. சின்ஹலைட்டில் அதைச் சுற்றி நான்கு ஆக்சிஜன்கள் நான்முகியாக நிற்கின்றன, சிலிக்கனைச் சுற்றி நிற்பதுபோல. பெயினைட்டில் மூன்று ஆக்சிஜன்கள் தட்டையான முக்கோணமாக. போரான் இரண்டு விதமாகவும் இருக்கத் தெரிந்த தனிமம். அது அடங்கிய கனிமங்கள் முந்நூறை ஒட்டி இருப்பதற்கு இந்த இணக்கமும் ஒரு காரணம்.

பல ஆண்டுகள் உலகத்தில் பெயினைட் படிகம் இரண்டே. இரண்டும் லண்டன் அருங்காட்சியகத்தில். மூன்றாவது, 1979இல் அமெரிக்க ரத்தினவியல் நிறுவனத்தில், பர்மாவிலிருந்து வந்த பட்டை தீட்டாத கற்களுக்கிடையே அகப்பட்டது. 2001க்குப் பிறகு ஒன்றொன்றாக எண்ணிக்கை கூடியது. கலிபோர்னியத் தொழில்நுட்பக் கழகத்தின் ஜார்ஜ் ராஸ்மன் ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்துப் பதிவுசெய்தார். 2005இல் எண்ணிக்கை இருபத்தைந்தை ஒட்டி இருந்தபோது, உலகிலேயே அரிய ரத்தினக் கனிமம் என்று கின்னஸ் எழுதியது. அந்தப் பட்டம் நிலைக்கவில்லை. மோகோக்கில் வெட் லூ, துரெய்ன் தவுங் என்ற இரண்டு இடங்களில் தாய்ப்படுகை தெரியவந்தது. எப்படிப்பட்ட கல்லைத் தேட வேண்டும் என்று தெரிந்த பிறகு உடைந்த துண்டுகள் ஆயிரக்கணக்கில் வெளியே வந்தன. பட்டை தீட்டத் தக்கவை அதில் சொற்பமே. வெட் லூவில் அது கிடந்த இடம், வாசகர் ஊகித்திருப்பதுபோல, சலவைக்கல்லும் வெளிர் கிரானைட்டும் உரசும் விளிம்பு. சில பெயினைட் படிகங்களின் மேல் பொடி மாணிக்கங்கள் போர்த்தியதுபோல் ஒட்டியிருந்தன. அலுமினியம் நிறைந்த பெயினைட் சிதையத் தொடங்கியபோது விடுபட்ட அலுமினியம் மாணிக்கமாக மறுபிறவி எடுத்திருக்கிறது. நியூயார்க் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் ஜார்ஜ் ஹார்லோவும் அவருடன் உழைத்தவரும் 2011இல் இதை ஆராய்ந்து எழுதினார்கள்.

விலையில் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். பெயினைட் துணுக்குக்குச் சேகரிப்பாளர்கள் போட்டி போடுகிறார்கள். சின்ஹலைட்டைப் பெரிய கல்லாகவே வாங்க முடிகிறது, ஆனால் நகைக்கடையில் பழுப்பு நிறத்துக்கு ஆள் இல்லை. செரெண்டிபைட்டோ கண்டுபிடிக்கப்பட்டு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்துத்தான் இலங்கைச் சரளையிலிருந்து பட்டை தீட்டும் தரத்தில் தலைகாட்டியது. சோதனைக்கூடங்களில் இன்று லேசரால் கல்லின் நுண்துளியை ஆவியாக்கிப் போரானை நேரடியாகவே எண்ணிவிடுகிறார்கள். ராமன் நிறமாலை சில நொடிகளில் பெயரைச் சொல்லிவிடுகிறது. ஆனாலும் பழுப்புக் கல்லோடு வரும் வியாபாரிக்கு ஆண்டர்சனின் நான்காவது பட்டையும், திரவத்தில் விறுவிறுவென்று இறங்கும் வேகமும் போதும்.

பெயினைட்டின் கட்டமைப்பை அவிழ்த்த மூரும் அராக்கியும் அதை எதோடு ஒப்பிட்டார்கள் என்பதைச் சொல்லாமல் விட்டேன். அலுமினியமும் போரானும் சேர்ந்த இன்னொரு கல். 1883இல் சைபீரியாவின் சோக்துய் மலையிலிருந்து வந்து, ரஷ்யக் கனிமவியலாளர் பாவெல் யெரெமெயெவின் பெயரைத் தாங்கியது. தொண்ணூறு ஆண்டுகள் கிட்டத்தட்ட மறக்கப்பட்டுக் கிடந்து, 1970களில் நமீபியாவின் கடற்கரைப் பாலையில் கடல்நீல ஊசிகளாக மறுபடி வெளிவந்தது. அந்த ஜெரெமெயெவைட்டின் கதை அடுத்த இதழில்.